படி அரிசியும் 1,285 ஓட்டும்

பொதுத் தேர்தல் நெருங்கிவிட்டால் எல்லாக் கட்சியாரும் நம் கடை வாசலுக்கு வந்து கும்பிடு போடுகிறார்கள். வணிகர் நலம் காப்போம் என்கிறார்கள். நாமும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எந்தச் சரக்கின் விலையைப் பற்றி என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. நமது மாவட்டத்து வரலாறு தெரிந்தவர்கள் அப்படிக் கேட்காமல் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டின் பெரிய அரசியல் மாற்றம் ஒன்று, அரிசி விலையை வைத்து நம் விருதுநகரிலேயே நடந்திருக்கிறது.

1965, 1966 இரண்டு ஆண்டுகளும் நாட்டில் மழை பொய்த்தது. மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. 1966 ஜூன் 6இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசு ஆனது. விருதுநகர் பருப்புக்கும் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் விலை சொல்லும் சந்தை. ஆனால் அரிசி நமக்கு வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வரத்து நின்றால் வாடிக்கையாளர் கோட்டையில் இருப்பவரைத் திட்டுவதில்லை, எதிரே நிற்கும் கடைக்காரரைத்தான் "பதுக்குகிறான்" என்பார்.

அந்த நேரத்தில்தான் அண்ணா தலைமையில் தி.மு.க. "ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது. பர்மிட், லைசென்ஸ் ஆட்சி ஒழிய வேண்டும் என்று 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி அந்தக் கூட்டணியில் இருந்தார். வணிகர்களில் பலருக்கு அது இனித்திருக்கும். அதே கூட்டணியில் மார்க்சிஸ்ட் கட்சியாரும் இருந்தார்கள்! தேர்தல் நேரத்துக் கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டியதில்லை போலும்.

எதிரே நின்றவர் காமராஜர். விருதுபட்டியில் பிறந்து, மாமாவின் ஜவுளிக்கடையில் நின்றவர். கடைக்குக் கடை மகமை எடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊரில் க்ஷத்திரிய வித்யாசாலாவில் படித்தவர். அப்போது அகில இந்தியக் காங்கிரசுக்கே தலைவர். 1967 பிப்ரவரியில் நடந்த தேர்தலில், மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். இந்தி எதிர்ப்பும் காரணம், எம்.ஜி.ஆர். சுடப்பட்டதும் காரணம் என்பார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டியில் சோறு குறைந்த வீட்டில்தான் மற்றக் காரணங்களும் எடுபட்டன என்பது நம் கணிப்பு. தி.மு.க. 137 இடம் பெற்று ஆட்சிக்கு வந்தது.

வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் கொடுக்கப்பட்டது. மற்ற ஊர்களுக்கு நீட்டிக்க அரசின் கையில் பணம் போதவில்லை. நம் பக்கத்துக்கு அது வந்து சேரவே இல்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் போரை வென்ற சர்ச்சிலின் கட்சி 1945இல் தோற்றது. அடுத்து வந்த அட்லியின் தொழிற்கட்சி அரசு, போர்க்காலத்தில்கூட ரேஷனில் வராத ரொட்டிக்கு 1946இல் ரேஷன் வைத்தது. அங்கே ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு கடையில் பதிந்துகொள்ள வேண்டும். கூப்பனை வெட்டிக் கணக்கு ஒப்படைப்பது கடைக்காரர் தலையில். இந்தக் கெடுபிடிகளை நீக்குவோம் என்று சொல்லியே கன்சர்வேட்டிவ் கட்சி 1950இல் நெருங்கி வந்து, 1951இல் வென்றது. ரேஷன் முழுவதும் போனது 1954 ஜூலையில். சொன்னதைச் செய்ய மூன்று ஆண்டுகள் ஆயின, ஆனாலும் செய்தார்கள்.

இங்கே படி கணக்கு கிலோ கணக்கானது. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. ஏழை வீட்டில் உலை கொதிக்கிறது, அதைக் குறை சொல்ல நாம் யார்? நம் கடைகளில் மோட்டா ரகம் விற்பது குறைந்து, பொன்னி போன்ற சன்ன ரகம் மிஞ்சியது. அதற்கும் வந்தது வரி. 2022 ஜூன் 28, 29இல் சண்டிகரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் முடிவுப்படி, ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள முத்திரையிட்ட அரிசிப் பைக்கு 5 விழுக்காடு. உடனே ஆலைகள் 26 கிலோ மூட்டை போட்டன. ஒரு கிலோ கூடினால் வரி இல்லை!

சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 12 வெடி விபத்தால் நாடறிந்த ஊர். பட்டாசுத் தொழிலாளி சனிக்கிழமை வாரச் சம்பளத்தில் பழைய பாக்கியைக் கட்டிவிட்டு ஐந்து கிலோ, பத்து கிலோ என்றுதான் அரிசி வாங்க முடியும். பத்து கிலோ பை வாங்குகிறவர் வரி கட்ட, 26 கிலோ மூட்டை வாங்கும் வசதியுள்ளவர் கட்டுவதில்லை. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லைதான். ஆனால் சிந்துவதும் எடை குறைவதும் கடைக்காரர் நட்டம்.

இந்த மன்றத்தில் எல்லா மாநில அமைச்சர்களும், ஆகவே பல கட்சியாரும், உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் மட்டும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். 2024இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் வென்றவருக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் 4,379 ஓட்டு. நம் தொகுதியின் கடைக்காரர் குடும்பங்கள் அந்தக் கணக்கைப் புரட்டப் போதும். இது கட்சிகளுக்கும் தெரியும்.

ஆகவே அடுத்த தேர்தலில் வேட்பாளர் கடைக்கு வந்தால், காபிக்கு முன் ஒரு கேள்வி: "அரிசிப் பைக்கு இந்த 25 கிலோ வரம்பை எடுக்க, உங்கள் கட்சி அமைச்சர் மன்றத்தில் பேசுவாரா?" பதிலைத் தேதியுடன் எழுதி நமது இதழுக்கு அனுப்புங்கள். எந்தக் கட்சியானாலும் ஒரு வரி குறைக்காமல் வெளியிடுகிறோம்.