அரிவாள், கத்திகளுக்குப் பதம் ஏற்ற வீட்டிலேயே ஓர் உலை

வேளாண்மையில் கதிர் அறுக்க, களை எடுக்க, தேங்காய் வெட்ட, தீவனம் நறுக்க என்று அன்றாடம் பயன்படும் கருவிகள் அரிவாளும் கத்தியும் ஆகும். ஒரே இரும்பில் செய்த இரு கத்திகளுள் ஒன்று பல ஆண்டுகள் உழைக்கிறது. மற்றொன்று ஒரு போகத்திலேயே வாய் மழுங்கியோ, பல்லுப் பல்லாக உடைந்தோ போகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் இரும்பு அன்று. அதற்குக் கொடுத்த சூடுதான். சூடு குறைந்தால் வாய் வளையும். பதம் இறக்காமல் விட்டால், வெட்டும்போது வாய் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடவும் கூடும்.

பல கிராமங்களில் இன்று கொல்லர் பட்டறை இல்லை. எனவே சிறு கத்திகளுக்குத் தாமே பதம் ஏற்றிக்கொள்ள விரும்பும் விவசாயிகள், குறைந்த செலவில் கரி உலை ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம்.

இரும்பைத் தேர்ந்தெடுத்தல்

கட்டிடக் கம்பியில் கார்பன் குறைவு. அதை எவ்வளவு சூடாக்கித் தோய்த்தாலும் வாய் கெட்டிப்படாது. லாரியின் வில்பட்டையில் கார்பன் 0.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதால் அது கத்திக்கு ஏற்றது. சந்தேகம் இருந்தால், ஒரு சிறு துண்டைச் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, ஆறியபின் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் அடித்துப் பார்க்கவும். முறிந்தால் நல்ல இரும்பு, வளைந்தால் பயன்படாது.

உலை கட்டும் முறை

தேவையானவை: தீச்செங்கல் 16, சாதாரணச் செங்கல், தீக்களிமண், உமிச் சாம்பல், 10 செ.மீ. விட்டமும் 55 செ.மீ. நீளமும் உள்ள கனமான இரும்புக் குழாய் ஒன்று, காற்று செல்ல 4 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று, கையால் சுற்றும் புளோயர். குழாய்கள் துத்தநாகப் பூச்சு இல்லாதவையாக இருக்க வேண்டும். பூச்சு சூடானால் வரும் புகை நஞ்சாகும்.

தரையைக் கெட்டித்துச் சாதாரணச் செங்கல் பரப்பவும். அதன்மேல் உமிச் சாம்பலைக் களிமண் கரைசலில் பிசைந்து 5 செ.மீ. கனத்திற்கு இடித்துப் பரப்பவும். இதன்மேல் நான்கு தீச்செங்கற்களைப் படுக்கவைத்தால் 46 செ.மீ. நீளமும் 23 செ.மீ. அகலமும் உள்ள தளம் கிடைக்கும். சுற்றிலும் தீச்செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசை சுவர் எழுப்பவும். வெளியே 7 செ.மீ. இடைவெளி விட்டுச் சாதாரணச் செங்கல் சுவர் வைத்து, இடைவெளியில் உமிச் சாம்பலை நிரப்பவும்.

நெல் உமி நன்கு எரிந்து கிடைக்கும் வெளிறிய சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா ஆகும். அது சூட்டைத் தாங்கும், வெளியே கடத்தாது. ஆகையால் கரிச் செலவு குறையும். சாம்பலைக் கையாளும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது அவசியம்.

காற்றுக் குழாயின் ஒரு முனையை அடைத்து, இரு பக்கங்களிலும் 5 செ.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. துளைகள் இட்டு, பின்சுவரின் அடியில் நுழைத்துத் தளத்தில் கிடத்தவும். பெரிய குழாயின் ஒரு முனையை அடைத்து, முன்சுவரின் முதல் வரிசைமேல் அதன் வாய் வெளியே தெரியுமாறு படுக்கவைக்கவும். அடைத்த முனை ஒரு செங்கல் துண்டின்மேல் நிற்கட்டும். குழாயைச் சுற்றியுள்ள சந்துகளைத் தீக்களிமண்ணால் பூசவும். கத்தி இந்தக் குழாய்க்குள் இருப்பதால் காற்று நேராகப் படாது. கரி கருகியதுபோல் கத்தி கருகாது. நுனி முதல் வால் வரை ஒரே சீராகச் சூடேறும்.

உலையை 5, 6 நாட்கள் நிழலில் உலரவிட்டு, முதலில் இரண்டு மணி நேரம் சிறு தீ மூட்டவும். ஈரம் இருக்கும்போது பெருந்தீ மூட்டினால் செங்கல் வெடிக்கும்.

பதம் ஏற்றும் முறை

முதலில் கத்தியைச் சிவக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலில் புதைத்து ஓர் இரவு விடவும். மெதுவாக ஆறுவதால் இரும்பு இளகி, அரத்திற்கு எளிதில் வசப்படும். அரத்தால் வடிவமைக்கும்போது வாயை 1 மி.மீ. கனத்திற்கு விட்டுவைக்கவும். கூரைக் கடைசியில்தான் தீட்ட வேண்டும்.

அடுத்து உலையில் கரியைக் குழாய் மூடும்வரை நிரப்பி மூட்டவும். கத்தியின்மேல் ஒரு காந்தத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வரவும். சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் இரும்பு காந்தத்தை இழுக்காது. வில்பட்டைக்கு இதற்குமேல் இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். காந்தம் ஒட்டாத நிலைக்குப் பின், நிறம் சற்று வெளிச்சமானதும் ஐந்து நிமிடம் வைத்திருந்து எடுக்கவும். மஞ்சளாகும்வரை காய்ச்சினால் இரும்பின் மணி பருத்து, கத்தி எளிதில் முறியும். நிறத்தை வெயிலில் கணிக்க முடியாது, நிழல் வேண்டும்.

எடுத்த கத்தியை இளஞ்சூடான கடலை எண்ணெயில், நுனி கீழாக, பக்கவாட்டில் அசைக்காமல் இறக்கவும். இதுவே தோய்ச்சல். வில்பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு விடும் அபாயம் அதிகம். பழைய எஞ்சின் எண்ணெயின் புகை தீங்கானது, அதை விலக்குக. ஆறியபின் அரத்தை ஓட்டிப் பார்த்தால், பிடிக்காமல் வழுக்கிச் செல்ல வேண்டும்.

பதம் இறக்குதல்

தோய்த்த கத்தி கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே அன்றே பதம் இறக்க வேண்டும். கத்தியைப் பளபளப்பாகத் தேய்த்து, அடுப்பில் காய்ந்த மணல் சட்டியில் முதுகு கீழாக வைக்கவும். சூடேற ஏற நிறம் மாறும். வைக்கோல் நிறம் சுமார் 220 முதல் 230 டிகிரி, பழுப்பு 250, ஊதா 275, நீலம் 300. காய்கறி, தீவனக் கத்திகளுக்கு வைக்கோல் நிறமும், மரத்தில் ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு முதுகில் நீலமும் வாயில் பழுப்பும் ஏற்றவை. உரிய நிறம் வந்ததும் எடுத்துத் தண்ணீரில் ஆற்றி, மீண்டும் தேய்த்து, மற்றொரு முறை அவ்வாறே செய்வது நலம்.

கூர் தீட்டியபின் வாயை ஒரு பித்தளைக் கம்பியில் மெல்ல அழுத்திப் பார்க்கவும். வளைந்து திரும்பி நேரானால் சரியான பதம். வளைந்தே நின்றால் பதம் அதிகம் இறங்கிவிட்டது. மறுபடி தோய்க்க வேண்டும். பொடிந்தால் கூடுதலாகப் பதம் இறக்கினால் போதும்.

கவனிக்க வேண்டியவை

கரிப்புகை மூச்சை முட்டும்; அறைக்குள்ளோ ஓலைக் கொட்டகையிலோ உலையை மூட்டக் கூடாது. மரநிழலே சிறந்தது. எண்ணெயை இரும்பு வாளியில், பொருந்திய மூடியுடன் வைக்கவும். தீப்பிடித்தால் மூடியைப் போட வேண்டும்; தண்ணீர் ஊற்றக் கூடாது. பருத்தி உடையும், கண்ணாடியும், நீண்ட இடுக்கியும் தேவை. குழந்தைகளை அருகே விடக் கூடாது.

வளைந்த கதிர் அரிவாள் இந்தக் குழாய்க்குள் நுழையாது. நேரான சிறு கத்தி ஒன்றில் கைப்பழக்கம் வந்தபின், குழாயை எடுத்துவிட்டுக் கரித்தணலின்மேல் அரிவாளை முன்னும் பின்னும் நகர்த்திச் சீராகக் காய்ச்சலாம். ஊரில் கைதேர்ந்த கொல்லர் இருப்பின் முதல் முறை அவரை அருகில் வைத்துக்கொண்டு செய்தால், நிறத்தைக் கணிக்கும் திறன் விரைவில் வரும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்கினால், கதிர் முற்றும் நேரத்தில் கருவி தயாராக இருக்கும்.