ராத்திரி நெஞ்சு எரியுதா? மீன் கறியைக் குறை சொல்வதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்க!

ராத்திரி 10 மணி. மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டாச்சு. கையில் செல்போனோடு அப்படியே கட்டிலில் சாய்ந்தால், 11 மணிக்கு நெஞ்சுக்கு நடுவில் எரிய ஆரம்பிக்கிறது. தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி ஏறுகிறது. "ஒண்ணுமில்ல மக்கா, கேஸ் ஏறிட்டு" என்று எழுந்து உட்கார்ந்து ஒரு சோடா, இல்லையென்றால் மெடிக்கல் கடையில் வாங்கி வைத்த மாத்திரை ஒன்று. நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் நிறைய வீடுகளில் இதுதான் கதை.

மறுநாள் பழி விழுவது மீன் கறி மேல். மருத்துவ ரீதியாகப் பார்த்தால், பெரும்பாலும் தப்பு சாப்பிட்ட நேரத்திலும் அளவிலும்தான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறக்கும், இறங்கியதும் மூடிக்கொள்ளும். இது தளர்ந்தாலோ, இரைப்பை மிதமிஞ்சி நிறைந்தாலோ, உள்ளே இருக்கும் அமிலம் மேலே வரும். இரைப்பையின் உள்சுவர் அந்த அமிலத்தைத் தாங்கும். உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் எரிச்சல். பெயர்தான் நெஞ்சு எரிச்சல், இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கெட்டியான சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க சுமார் 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எண்ணெயும் கொழுப்பும் கூடினால் இன்னும் தாமதம். நிற்கும்போதும் உட்காரும்போதும் புவியீர்ப்பு அமிலத்தைக் கீழே வைத்திருக்கிறது. சாப்பிட்டதும் படுத்தால் அந்த உதவி போய்விடுகிறது.

நம்ம ஊர் சாப்பாட்டில் எது பிரச்னை?

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. அவியல், தீயல், புளிசேரி, மீன் கறி என்று எதை எடுத்தாலும் தேங்காய் இருக்கும். தேங்காயின் கொழுப்பு சாப்பாட்டை இரைப்பையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்தி வைக்கும். கொழுப்பான சாப்பாடு அந்த வளையத் தசையையும் தளர்த்தும். புளியும் வத்தலும் ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் பட்டால் காந்தும். இவ்வளவும் உண்மை. அதற்காக நாஞ்சில் நாட்டுக்காரரிடம் போய் தேங்காயை விடு, மீனை விடு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? கேட்கவும் தேவையில்லை.

மீன் நல்ல உணவுதான். அதை எண்ணெயில் பொரிப்பதைக் குறைத்து, கறியாகவோ அவித்தோ சாப்பிடலாம். தேங்காய் அரைத்த கறியையும் கிழங்கையும் மத்தியானத்துக்கு மாற்றிவிட்டு, ராத்திரி கஞ்சியும் பயறும், இட்லியும் என்று வைத்துக்கொண்டாலே பலருக்குப் பாதி எரிச்சல் அடங்கும். கஞ்சி நல்லது என்று மூன்று கிண்ணம் குடித்தால் கதை வேறு. எந்தச் சாப்பாடாக இருந்தாலும் இரைப்பை உப்பினால் அந்த வளையம் திறக்கும்.

கல்யாண வீட்டு இலைச்சாப்பாடும் இப்படித்தான். பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், இரண்டு பாயசம் எல்லாம் முடித்துவிட்டு மண்டபத்து நாற்காலியிலோ வீட்டுத் திண்ணையிலோ ஒரு தூக்கம். அந்தத் தூக்கத்துக்குப் பதிலாக அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் பாயசத்தைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை.

எரியும்போது நாம் நம்பிக் குடிக்கும் சோடாவும் சந்தேகத்துக்குரியதுதான். ஏப்பம் வந்ததும் சுகமாக இருக்கும். ஆனால் அந்த வாயு இரைப்பையை உப்ப வைத்து, ஏப்பத்தோடு அமிலத்தையும் மேலே அனுப்பும். எலுமிச்சம்பழம் பிழிந்த சோடா என்றால் இன்னும் புளிப்பு. பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் குளிர்ச்சி தரும். பிறகு அமிலச் சுரப்பைக் கூட்டக்கூடும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மட்டிப் பழம் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் ஊருக்கே ஒரு தடைப் பட்டியல் போடுவதில் அர்த்தமில்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்க: என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு, எப்போ எரிந்தது. உங்க எதிரி யார் என்று அதில் தெரிந்துவிடும்.

விடியும் முன்னே எழும்புகிறவர்கள்

குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இருட்டோடு எழும்பியாக வேண்டும். முட்டம், குளச்சலில் கடலுக்குப் போகிறவர்களுக்கும் தூக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது. வெறும் வயிற்றில் கட்டன் சாயா, அதோடு ஒரு பீடி. புகையிலை அந்த வளையத் தசையைத் தளர்த்தும், எச்சில் சுரப்பையும் குறைக்கும். அமிலத்தைக் கழுவி இறக்குவதே எச்சில்தான். மதுவும் தசையைத் தளர்த்தும். சாயாவை விட முடியாதவர்கள் அதற்கு முன்னாடி கொஞ்சம் ஏதாவது சாப்பிடலாம். பீடிக்கு அப்படிச் சலுகை எதுவும் இல்லை. சீக்கிரம் படுக்க வேண்டியவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை சாயங்காலம் 6 மணிக்கே முடித்துக்கொள்வது நல்லது.

எப்படிப் படுப்பது?

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது 2 முதல் 3 மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்தால் சுமார் 6 இஞ்ச் உயரும், அது போதும். தலையணையை அடுக்கினால் உடம்பு வயிற்றில் மடங்கி அழுத்தம்தான் கூடும். பாயில் படுப்பவர்கள் இடது பக்கம் சரிந்து படுக்கலாம். அப்போது இரைப்பை உணவுக்குழாயின் வாயைவிடத் தாழ்வாக இருக்கும், அமிலம் ஏறுவது குறையும். தொப்பை இருந்தால் சில கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும். சேலைக்கட்டோ பெல்ட்டோ இறுக்கமாக வேண்டாம்.

மாத்திரையை வருஷக்கணக்கில் போடலாமா?

பான்டோபிரசோல், ஒமேபிரசோல் எல்லாம் நல்ல மருந்துகள்தான். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட வேண்டியவை. எரியும்போது ஒன்று வாயில் போட்டால் உடனே கேட்காது. பல நேரம் டாக்டர்கள் 8 வாரம் வரை கொடுத்துப் பார்ப்பார்கள். சீட்டு இல்லாமல் வருஷக்கணக்கில் தொடர்ந்தால் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறைய வாய்ப்பு உண்டு. நாள்பட்டுப் போட்டதைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கும், அதனால் டாக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகளாலும் எதுக்களிப்பு வரலாம். அதை நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்க.

வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எரிந்தால் காட்டியே ஆகணும். விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் தார் போல கருப்பாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காதீங்க. எண்டோஸ்கோபி தேவைப்படலாம்.

கேஸா, ஹார்ட் அட்டாக்கா?

இதுதான் உயிர் போகிற குழப்பம். நெஞ்சை அமுக்குகிற மாதிரி கனம், இடது கை, தோள், தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், நடந்தால் கூடும் வலி என்றால் சோடா குடித்துப் பரிசோதனை செய்யும் நேரமில்லை. ஏப்பம் விட்டதும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருப்பதை நம்பிவிட முடியாது. சர்க்கரை உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்களுக்கு வெறும் வயிற்றுப் பிரட்டலாகவும் களைப்பாகவும் மட்டுமே ஹார்ட் அட்டாக் வரலாம். இரண்டில் எது என்று வீட்டில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. ஈசிஜி எடுக்க வேண்டும்.

ராத்திரி எந்நேரமானாலும் 108-ஐக் கூப்பிடலாம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மலையோர, கடலோர ஊர்க்காரர்களுக்கு அது தூரம் என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அங்கேயே முதலில் போகலாம். மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு அங்கேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவதற்காக, 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-ல் தொடங்கியது. வண்டி வரும் வரைக்கும் அவரைச் சாய்வாக உட்கார வையுங்க. வாசல் வரைக்கும்கூட நடக்க விடாதீங்க.