தேய்ந்த பிறேக்: திருத்துவதா, மாற்றுவதா?



வட அமெரிக்காவில் விடுமுறைக் காலம் வந்ததும், பல குடும்பங்கள் தம் மோட்டார் வண்டியின் பின்னே சிறு வீடு போன்றதொரு ட்றெயிலரைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதுண்டு. சமவெளியில் இப்பயணம் இன்பமானதே. றொக்கி மலைத்தொடரின் நீண்ட இறக்கங்களிலோ, பின்னே வரும் பாரம் முன்வண்டியைத் தள்ளத் தொடங்கும். அவ்வேளையில் அக்குடும்பத்தின் உயிர் ட்றெயிலரின் மின்சாரப் பிறேக்கையும் நம்பியிருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் திருத்துவதா, முழுவதும் மாற்றுவதா என்பதே நாம் இன்று ஆராயும் வினா.

முதலில் அதன் இயக்கத்தை அறிவோம். ஓட்டுநர் பிறேக்கை மிதித்ததும், முன்வண்டியிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி 12 வோல்ட் மின்சாரத்தைப் பின்னே செலுத்துகிறது. சில்லின் டிறம்முக்குள்ளே ஒரு மின்காந்தம் உண்டு. அது சுழலும் டிறம்மின் உள்முகத்தைப் பற்றிக்கொள்ள, அச்சுழற்சியே காந்தத்தைச் சற்று இழுத்துச் செல்கிறது. காந்தம் பூட்டிய நெம்புகோல் அசைந்து, இரண்டு பிறேக் சூக்களையும் விரித்து டிறம்மோடு அழுத்துகிறது. ஆகவே முக்கியமாகத் தேய்வன மூன்று: சூவின் மேலுள்ள லைனிங், காந்தத்தின் முகம், டிறம்மின் உட்பரப்பு.

பிறேக் சரிவரப் பிடிக்கவில்லை என்றதும் தேய்மானத்தையே குற்றஞ்சாட்டலாகாது. கறள் பிடித்த மின்னிணைப்போ, தளர்ந்துபோன சூவோ காரணமாயிருக்கலாம். இணைப்பைத் துப்புரவாக்கி, சூவைச் சீர்செய்தாலே குறை தீர்ந்துவிடக்கூடும்.

அதன் பின்னரே டிறம்மைக் கழற்றி அளக்கவேண்டும். லைனிங் 1/16 அங்குலமாகவோ அதனினும் குறைவாகவோ தேய்ந்திருந்தால் சூக்களை மாற்றவேண்டும். கிறீஸ் ஊறிய லைனிங் தடிப்பாக இருந்தாலும் உதவாது; கழுவினாலும் அதன் பிடிப்பு மீளாது. கிறீஸைக் கசியவிட்ட சீலை முதலில் மாற்றாவிடில், புதிய லைனிங்கும் அதே கதியை அடையும். காந்தத்தின் முகம் தேய்ந்து செப்புக் கம்பிச் சுருள் தெரியுமாயின், அக்காந்தம் மாற்றப்படவேண்டியதே. டிறம்மில் கீறல் விழுந்திருந்தால் கடைந்து மட்டமாக்கலாம். ஆனால் அதற்கும் எல்லையுண்டு: 10 அங்குல டிறம் 10.090 அங்குல விட்டத்தையும், 12 அங்குல டிறம் 12.090 அங்குலத்தையும் தாண்டினால் அதைக் கழித்துவிட வேண்டும்.

சூக்கள் மாத்திரமோ, காந்தம் மாத்திரமோ தேய்ந்து, ஏனையவை உறுதியாயிருந்தால் திருத்துவதே சிக்கனம். ஆனால் உறுப்புகளைத் தாங்கும் தகடு கறளால் அரிக்கப்பட்டு, நெம்புகோலின் அச்சு ஆட்டங்கண்டு, சுருள்வில்களும் சோர்ந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது சூக்கள், காந்தம், வில்கள் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கும் செலவு, தொழிற்சாலையில் பூட்டி வரும் முழுத் தொகுதியின் விலையை நெருங்கிவிடும். முழுத் தொகுதியை மாற்றுவதோ எளிது: நான்கு அல்லது ஐந்து நட்டுகள், இரண்டு கம்பிகள், அவ்வளவே. இடப்பக்கத் தொகுதி வேறு, வலப்பக்கத் தொகுதி வேறு என்பதையும், டிறம் அத்தொகுதியில் அடங்காது என்பதையும் மறக்கலாகாது.

திருத்தினாலும் மாற்றினாலும் மீறக்கூடாத விதி ஒன்றுண்டு. ஓர் அச்சின் இரு பக்கத்துச் சில்லுகளுக்கும் ஒன்றாகவே செய்யவேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், பிடிப்பு ஏறுமாறாகி ட்றெயிலர் ஒரு பக்கமாக இழுபடும். சில டொலரை மிச்சம்பிடிக்க ஒரு சில்லை மாத்திரம் கவனித்தவர், மலையிறக்கத்தில் ஆபத்தை விலைக்கு வாங்கியவராவார்.

புதிய லைனிங் டிறம்மோடு பொருந்திப் படியச் சிறிது காலமாகும். ஏறத்தாழ 200 மைல் ஓடியபின் சூக்களை மீண்டும் சீர்செய்தல் அவசியம்.

ஆகவே நேயர்களே, பணப்பையைத் திறக்குமுன் டிறம்மைத் திறவுங்கள். திருத்துவதா, மாற்றுவதா என்பதை அங்கே காணும் தேய்வே சொல்லும்.