அம்புலன்ஸை அழைக்க உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

2025 நவம்பர் 22ஆம் திகதி கொழும்பு-கண்டி பிரதான வீதியில், பஹல கடுகண்ணாவையில், வீதியோரக் கடையொன்றின் மேல் மண்மேடு சரிந்தது. ஆறு பேர் உயிரிழந்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே டித்வா சூறாவளி வந்தது. அதில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது கண்டி மாவட்டம்தான். நமது பிலிமத்தலாவையிலிருந்து கணவாயில் இறங்கினால் பஹல கடுகண்ணாவை. இது எங்கோ நடந்த கதை அல்ல.

காலையில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடும் வீடுகள் இங்கே ஏராளம். பாடசாலை விட்டு வரும் பிள்ளை, வயதான பாட்டியோடும் தம்பி தங்கையோடும் மாலை வரை இருக்கிறது. பாட்டி மயங்கி விழுந்தாலும், அடுப்படியில் தீப்பிடித்தாலும், வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தாலும் முதலில் பார்ப்பது அந்தப் பிள்ளைதான். அதற்குத் தைரியம் சொன்னால் மட்டும் போதாது. என்ன செய்ய வேண்டும் என்பதைப் பழக்கியும் விட வேண்டும்.

எந்த எண், எதற்கு?

நோய், விபத்து என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ். கட்டணம் இல்லை. பொலிஸ் 119. தீயணைப்பு 110. மண்சரிவு, வெள்ளம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. யாராவது அடித்தாலோ, தொடக்கூடாத விதமாகத் தொட்டாலோ, மிரட்டினாலோ 1929. இது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண். சிறு பிள்ளைக்கு ஐந்தையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். 1990ஐயும் 119ஐயும் முதலில் மனப்பாடமாக்குங்கள். ஐந்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில், பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். பூட்டியிருக்கும் கைத்தொலைபேசியில் அவசர அழைப்பு எடுக்கும் முறையையும் காட்டிக் கொடுங்கள்.

ஒத்திகை பாருங்கள்

எண் தெரிந்த பிள்ளையும் தடுமாறுவது இடத்தைச் சொல்லும்போதுதான். “எங்க வீட்டுக்கு வாங்க” என்று அழுதால் அம்புலன்ஸ் சாரதிக்கு வழி தெரியாது. அதனால் இடத்தை முதலில் சொல்லப் பழக்க வேண்டும்: “பிலிமத்தலாவை. கண்டி வீதியில் இன்ன சந்தி. கோயிலைத் தாண்டி மேலே ஏறும் பாதை, மூன்றாவது வீடு.” அடுத்து, நடந்தது: “பாட்டி விழுந்துட்டாங்க, பேச மாட்டேங்கிறாங்க, மூச்சு இருக்கு.” பிறகு தன் பெயர். மறுபக்கத்தில் இருப்பவர் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்கக் கூடாது.

நீங்கள் 1990இல் பேசுபவராக நடியுங்கள், பிள்ளை சொல்லட்டும். சொல்வதைக் கேட்டு, அந்த வழியைத் தெரியாத ஒருவர் வந்துசேர முடியுமா என்று பாருங்கள். ஓடிவரும் அயலவர் சிங்களவராகவும் இருக்கலாம். “ஆச்சி வெட்டிலா” (பாட்டி விழுந்துட்டாங்க) என்று சிங்களத்தில் அவருக்குப் புரியும்படி சொல்லவும் பிள்ளைக்குத் தெரிந்திருப்பது நல்லது.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்கக் கூடாது. ஓடும் வெள்ளத்தில் இறங்கக் கூடாது. தீப்பிடித்த வீட்டுக்குள் புத்தகப்பையை எடுக்கத் திரும்பக் கூடாது. எது சேதமானாலும் ஏச மாட்டோம் என்று இன்றே உறுதி கொடுங்கள். ஏச்சுக்குப் பயந்த பிள்ளை நடந்ததை மறைக்கும்.

மண் சரியும் முன்

சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் சிவப்பு, வெளியேற வேண்டும். நிறம் அறிவிக்கப்படும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அறிகுறி தெரிந்தால் உடனே, முன்கூட்டியே பேசிவைத்த பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

ஜப்பானின் கமைஷி நகரில் 2011 மார்ச் 11 சுனாமியின்போது, ஏறத்தாழ 3000 பாடசாலைப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் உயிர் தப்பினார்கள். யாருக்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓடும்படி அவர்கள் முன்பே பழக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் பழக்கம் மட்டும் போதாது. நம் நாட்டில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன்கள் மண்ணுக்குள் போயின. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும் அவர்களுக்கு மாற்று வீடு கிடைக்கவில்லை. பிள்ளையை எவ்வளவு பழக்கினாலும், அரசு தன் கடமையைச் செய்யாவிட்டால் உயிரிழப்பைத் தடுக்க முடியாது.

கேட்டுப் பெற வேண்டிய உரிமை

அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் அரச கரும மொழி. சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பிரதேசத்திலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெற 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வெளியேறும்படி சொல்லும் அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் வந்தால், தமிழ் வீட்டுக்கு அது எச்சரிக்கையே இல்லை. கிராம உத்தியோகத்தரிடமும் யட்டிநுவர பிரதேச செயலகத்திடமும் தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பாகுபாடு நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996ஐ அழைக்கலாம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள்: அனர்த்த ஒத்திகை எப்போது நடக்கும், பிள்ளைகள் கூடும் இடம் எது, அவர்களை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? பதில் கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும். வீட்டு ஒத்திகைக்கு எந்தக் கூட்டமும் தேவையில்லை. இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அதை முடித்துவிடலாம்.