இசிஎம் பழுது: மாற்றுவதற்கு முன் உறுதி செய்ய வேண்டியவை

காரின் இன்ஜினுக்குள் எந்தக் கணத்தில் எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும், தீப்பொறி எப்போது எழ வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டி, பணிமனைகளில் இசிஎம் என்றும் இசியூ என்றும் வழங்கப்படுகிறது. உள்ளே வரும் காற்றின் அளவு, குளிர்நீரின் வெப்பநிலை, கிராங்க் தண்டின் சுழற்சி நிலை ஆகியவற்றைச் சென்சார்கள் வழியே அறிந்து, நினைவகத்தில் பதிந்துள்ள அட்டவணைகளோடு ஒப்பிட்டு, இன்ஜெக்டர்களையும் இக்னிஷன் காயில்களையும் இயக்குவது இதன் பணி. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமை, ஓடும்போதே அணைந்துபோதல், ஸ்கேனருக்குப் பதிலளிக்காமை ஆகியன இது பழுதானதற்கான அறிகுறிகளாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் பெட்டிக்கு மின்சாரம் வராவிட்டாலும், எர்த் இணைப்பு தளர்ந்தாலும், ஏதேனும் ஒரு வயர் அறுந்தாலும் இதே அறிகுறிகள்தாம் தோன்றும். ஆகவே, மற்றவை அனைத்தும் சரி என்று அளந்து உறுதி செய்த பின்னரே இசிஎம் மீது பழி சுமத்துவது முறையாகும்.

ஸ்கேனர் காட்டும் கோட்

ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரை இணைத்துக் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி-2 முறை, அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு இது 2013இல் கட்டாயமாக்கப்பட்டது. பி0601 என்ற கோட், நினைவகத்தில் உள்ள தரவு சிதைந்திருப்பதைப் பெட்டி தானே கண்டறிந்து பதிவு செய்வதாகும்; பி0606 என்பது அதன் புராசஸரில் கோளாறு இருப்பதைக் குறிக்கும். யு0100 என்பதோ, இசிஎம் பேசவில்லை என்று ஏபிஎஸ் போன்ற பிற கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தரும் புகார் மட்டுமே. ஒரு ஃபியூஸ் எரிந்திருந்தாலும் இந்தக் கோட் வரும் என்பதால், அதை மட்டும் நம்பிப் பெட்டியை மாற்றுவது பணத்தை வீணாக்கும்.

மின்சாரமும் எர்த்தும்

சோதனை பேட்டரியிலிருந்து தொடங்குகிறது. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது இது மிகவும் சரிந்தால் நல்ல இசிஎம்மும் தடுமாறும். அடுத்து, பெட்டிக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ்களும் மெயின் ரிலேயும் சோதிக்கப்படுகின்றன. இங்கே மல்டிமீட்டர் எளிதில் ஏமாற்றிவிடும். வயரின் இழைகளுள் ஒன்றே ஒன்று அறாமல் எஞ்சியிருந்தாலும், மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், அது 12 வோல்ட் என்றே காட்டும். ஆதலால், வயரில் பளுவேற்றும் டெஸ்ட் லாம்பை இணைத்து, அது பிரகாசமாக எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இசிஎம் கனெக்டரின் எர்த் பின்னிலும் வைத்து, இன்ஜின் சுழலும்போது அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டை ஒட்டிய அளவு இயல்பானது; அரை வோல்ட் வந்தால், துருப்பிடித்த போல்ட்டோ தளர்ந்த இணைப்போ காரணமாக இருக்குமே தவிர, பெட்டி காரணமாக இருக்காது.

சென்சார்களுக்கு இசிஎம் வழங்கும் 5 வோல்ட் மின்வழியும் குழப்பம் விளைவிக்கக்கூடியது. பல சென்சார்கள் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்வதால், அவற்றுள் ஒன்று ஷார்ட் ஆனால் 5 வோல்ட் முழுவதும் சரிந்து, தொடர்பற்ற கோட்கள் கூட்டமாக வரும். சில கார்களில் பெட்டியே பேச்சை நிறுத்திவிடும். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவர, எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சாரிலோ அதன் வயரிலோதான் கோளாறு.

பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கேன் தடம், பாஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட முறையாகும். அதன் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சாக்கெட்டின் 6, 14ஆம் முனைகளுக்கிடையே அளந்தால், பெரும்பாலான கார்களில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுபட்டுள்ளது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரு வயர்களும் ஒன்றையொன்று தொடுகின்றன.

பெட்டி கெடும் விதம்

இவையனைத்தும் சரியாக இருந்து, சென்சார் தகவலும் ஒழுங்காக வந்து, இன்ஜெக்டருக்கோ காயிலுக்கோ செல்ல வேண்டிய ஆணை மட்டும் வெளிவரவில்லை என்றால், பழுது பெட்டிக்குள் இருப்பது உறுதியாகிறது. நீர் புகுதல் இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் நேர்ந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய காரின் இக்னிஷனை ஆன் செய்தால், ஈரமான கனெக்டரில் மின்சாரம் பாய்ந்து, பின்கள் பச்சை படர்ந்து அரிக்கப்படுவது விரைவாகும். பேட்டரி முனைகளை மாற்றி இணைத்தல், வெப்பத்தாலும் அதிர்வாலும் சால்டர் வெடித்தல் ஆகியவையும் பெட்டியைக் கெடுக்கும். ஷார்ட் ஆன காயில் அல்லது இன்ஜெக்டர், அதை இயக்கும் டிரான்சிஸ்டரை எரித்துவிடும். அந்த மூலக்காரணத்தைக் களையாமல் பொருத்தப்படும் புதிய பெட்டியும் அதே வழியில் எரியும்.

மாற்றும் முறை

வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளிருக்கும் மென்பொருள் வேறுபடும் என்பதால், பெட்டியின் பார்ட் எண் முழுமையாகப் பொருந்த வேண்டும். புதிய பெட்டியில் காரின் சேசிஸ் எண்ணும் அந்த மாடலுக்குரிய மென்பொருளும் ஏற்றப்பட வேண்டும். ஏற்றும்போது வோல்டேஜ் சரிந்தால் பெட்டி பயனற்றுப் போகலாம் என்பதால், பேட்டரிக்குத் துணையாகச் சீரான மின்வழங்கி இணைக்கப்படுகிறது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் கொண்ட கார்களில், சாவியும் பெட்டியும் ஒன்றையொன்று அடையாளம் காணும்படி செய்யாவிட்டால் இன்ஜின் ஓடாது. வேறொரு காரிலிருந்து வாங்கிய பழைய பெட்டி, கழற்றி மாட்டியவுடன் இயங்காததற்கு இதுவே காரணம்; மூலப் பெட்டியின் தரவை அதற்குப் பிரதியெடுத்தே பயன்படுத்துவர் என்பதால், காரிலிருந்து கழற்றிய மூலப் பெட்டியை வேலை முடியும்வரை கைவசம் வைத்திருப்பது நல்லது. டீசல் கார்கள் பலவற்றில் ஒவ்வோர் இன்ஜெக்டரின் குறியீட்டையும் மீண்டும் பதிய வேண்டும்.

கோட்கள் அழிக்கப்பட்டவுடன் காரின் சுயபரிசோதனைப் பதிவுகளும் அழிந்துவிடுகின்றன. அவை பல்வேறு வேகங்களில் கார் ஓடிய பின்னரே மீண்டும் நிறைவடையும் என்பதால், வேலை முடிந்த அன்று செக் இன்ஜின் விளக்கு எரியாதிருப்பது மட்டும் சான்றாகாது. இசிஎம்மை மாற்ற வேண்டும் என்று கேள்விப்படும் உரிமையாளர், மின்சாரம், எர்த், 5 வோல்ட் வழி ஆகியவற்றின் அளவுகளையும், பெட்டி கெட்டதற்கான மூலக்காரணத்தையும் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகு ஒப்புதல் தருவதே பொருத்தமானது.