அம்மனுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஆசாமிகள்!
கோவை திருவிழா போட்டோக்காரர்கள் படும் பாடு

மாசி மாதம். கோனியம்மன் தேர் ராஜவீதியில் அசைந்து வருகிறது. அத்தனை கண்ணும் தேர் மேலே.

நாலைந்து பேர் மட்டும் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வடம் பிடிக்கிற ஜனங்களையே பார்த்தபடி பின்பக்கமாக நடக்கிறார்கள். கழுத்தில் கேமரா, தோளில் பை. ஒரு கால் செருப்பு கூட்டத்தோடு போயிருக்கும்!

இவர்களுக்கு சம்பளம் கிடையாது. பத்திரிகை படத்தை வாங்கினால் காசு. வடம் பிடித்தவர் வீட்டில் பிரிண்ட் கேட்டால் காசு. இல்லாவிட்டால் டீச்செலவு கூட கைக்காசுதான்.

மாசி முடிந்தால் பங்குனியில் பண்ணாரி குண்டம். விடியுமுன் ஆரம்பித்து ஆயிரக்கணக்கானவர்கள் நெருப்பில் இறங்குவார்கள். கடைசியில் ஆடு, மாடுகளையும் இறக்குவார்கள். ஒருவர் குண்டத்தைத் தாண்ட சில வினாடிதான். கண்ணில் புகை, முகத்தில் அனல். விட்டால் போச்சு, "இன்னொரு தடவை இறங்குங்க" என்று கேட்க முடியுமா? சித்திரையில் தண்டு மாரியம்மன் அக்கினிச்சட்டி. ஊருக்கு ஊர் நோம்பி வேறு.

அப்புறம் ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. பர்சும் காலி.

"அப்பத்தா போட்டோ இருக்குங்களா?"

நோம்பி முடிந்து வருசக்கணக்கு ஆன பிறகுதான் இந்தப் படங்களுக்கு மவுசு வருகிறது.

"ஏனுங்கண்ணா, மாரியம்மன் நோம்பிக்கு எங்க அப்பத்தா மாவிளக்கு எடுத்துட்டு வந்தாங்களே, அந்தப் போட்டோ இருக்குங்களா?"

"எந்த வருசமுங்க?"

கேட்டு வருகிறவருக்கு வருசம் தெரியாது. வீட்டில் சாவு விழுந்திருக்கும். கண்ணீர் அஞ்சலி போர்டுக்கு அவசரமாக முகம் வேண்டும்.

இந்த நிருபரின் அமுச்சிக்கும் அதே கதைதான். ஸ்டூடியோ வாசலை அவர் மிதித்ததே இல்லை. எங்கள் ஊர் சாட்டில் முளைப்பாரி தூக்கி வந்தபோது யாரோ ஒரு போட்டோக்காரர் எடுத்த கூட்டப் படம் மட்டும் இருந்தது. அதிலிருந்து தலையை மட்டும் பெரிசாக்கி, பக்கத்தில் நின்ற சித்தியின் தோளை வெட்டிவிட்டு, சுவரில் மாட்டியிருக்கிறோம். முகம் கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் சிரிக்கிறார். ஸ்டூடியோவில் நிற்க வைத்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்!

எடுத்தவர் பேர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்குப் போன முகங்கள்

பழைய நெகட்டிவ் என்ன ஆச்சு? கேட்டால் வயிறு எரியும்.

கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளிச் சத்து உண்டு. பழைய எக்ஸ்ரேயை வாங்குகிற மாதிரியே, நெகட்டிவையும் எடைக்கு வாங்கி வெள்ளியைப் பிரித்து எடுக்கிற வியாபாரம் நடந்தது. ஸ்டூடியோவை இழுத்து மூடியவர்கள் டப்பா டப்பாவாகத் தள்ளிவிட்டார்கள். ஒரு ஊரின் முகங்கள் எல்லாம் கிலோ கணக்கில் கரைந்தன.

அந்த பிலிமுக்கும் நம்ம பக்கத்துக்கும் சொந்தம் உண்டு. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் தயாரித்தது. கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. ஆலையும் மூடப்பட்டது.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டலில் ஏற்றும் வேலையை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்தது. கைகொடுத்தது லண்டன் பிரிட்டிஷ் நூலகம். நம்ம பாட்டி படத்தின் அருமை லண்டனுக்குத் தெரிகிறது!

படம் யாருக்குச் சொந்தம்?

இப்போது வேறு திருட்டு. காலையில் எடுத்த தேர்ப் படம், மத்தியானம் மூலையில் இருந்த பேர் வெட்டப்பட்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சாயங்காலம் யாரோ ஒருவரின் பிளக்ஸ் போர்டில் ஏறுகிறது.

1957-ம் வருடத்து காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. தானாகப் போய் எடுத்த படம், எடுத்தவருக்கே சொந்தம். கல்யாணத்துக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை காசு கொடுத்த வீட்டாருக்கு. எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 வருடமும் அந்த உரிமை செல்லும்.

ஆனால் ஒரு பிளக்சுக்காக கோர்ட் படி ஏற எந்த போட்டோக்காரருக்கு நேரம் இருக்கிறது? அதற்குள் அடுத்த நோம்பி வந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரண் மேலும் நெகட்டிவ் டப்பா கிடக்கலாம். திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால், பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் படாத, சூடு இல்லாத இடத்துக்கு மாற்றுங்கள். உடனே காப்பி எடுத்துவிடுங்கள்.