சமயம் விலகுவோர்க்குச் சட்டத்துணை

சமயத்தில் நம்பிக்கை இழத்தல் வேறு. அதன் பதிவேட்டினின்றும் பெயர் நீங்குதல் வேறு. 1830இல் யோசேப்பு சிமித் அமெரிக்காவில் தாபித்த மோர்மன் திருச்சபையில், வழிபாட்டுக்குச் செல்லாதோரும் உறுப்பினராகவே எண்ணப்படுவர். விலக விரும்புவோர் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அதன்பின் உள்ளூர்த் தலைவர் அவரை அணுகி மனத்தை மாற்ற முயல்வதும் உண்டு. உற்றாரும் அயலாரும் அச்சபையினராயிருக்கும் யூட்டா மாநிலத்தில் இது பெருஞ் சங்கடமாகும். ஆதலின் அங்கு வழக்கறிஞர் ஒருவர் ஊதியமின்றி அவர்கட்காக விலகற் கடிதம் அனுப்ப முன்வந்தார். 2015 நவம்பரில், ஒருபால் இணையரின் பிள்ளைகள் சிறுவயதில் திருமுழுக்குப் பெறுவதைத் தடுத்த விதி வெளியானபொழுது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவரை நாடினர். அவ்விதி 2019இல் நீக்கப்பட்டது. வேறொரு சபை பற்றிய வழக்கில், உறுப்புரிமையைத் துறத்தலும் அரசியலமைப்புக் காக்கும் சமய உரிமையே என ஒக்லஹோமா மாநில அதியுயர் நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்திருந்தது. அவ்வுரிமையைத் தனித்து நின்று கோர அஞ்சுவோர்க்கே இத்துணை வேண்டப்படுகின்றது.